ஏழாம் பாடம்

கர்த்தர் நல்லவர்

பிரிக்பீல்ட்ஸ்
22.1.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி லோகன் எழுதுகிறேன். இங்கே நான் சுகம். அங்கே அப்பா, நீ, மாமா எல்லாரும் சுகமா?

கடிதத்தைப் பார்த்ததும் சிரித்திருப்பாய். பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் நடுவில் ஒரு கொமுட்டர் ரயில்தான். ஆனால் பயிற்சி முடியும்வரை வெளியே போகக் கூடாது, போன் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது சபையின் இந்தப் பயிற்சி வீட்டின் ஒழுங்கு. வந்த அன்றே எங்கள் போன்களை எல்லாம் வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, ஆபீஸ் அலமாரியில் பூட்டிவிட்டார்கள். வெளிநாட்டு ஊழியத்துக்குப் போகிறவன் தூரத்துக்குப் பழக வேண்டுமாம். வீட்டுக்குக் கையால் கடிதம் எழுதுங்கள் என்கிறார், எங்களைப் பயிற்றுவிக்கும் சபாபதி போதகர்.

எனக்குப் பிஜி என்று முடிவாகிவிட்டது. அங்கே லபாசா என்று ஒரு சின்ன ஊர், கரும்புத் தோட்டங்கள் சூழ்ந்தது. தோட்டங்களில் சின்னச் சின்னச் சபைகள் இருக்கின்றன. போதகர்கள் பகலில் கரும்பு வெட்டுகிறவர்கள், லோரி ஓட்டுகிறவர்கள். பலர் இந்துக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள், என்னைப் போல. வேதப் பள்ளிக்குப் போக அவர்களுக்கு வாய்ப்பு இருந்ததில்லை. எப்படிப் பிரசங்கம் செய்வது, எப்படிக் கல்யாணம் நடத்துவது, எப்படி அடக்கம் செய்வது என்று அவர்களுக்குப் பாடம் நடத்துவதுதான் என் வேலை. இந்த வேலைக்காகத்தான் இத்தனை வருஷம் ஜெபித்தேன். இப்போது கையில் வந்திருக்கிறது. சந்தோஷம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை, அக்கா. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி இருக்கிறது. இதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு உதவி வேண்டும். எங்கள் பாடங்களை நாங்களே எழுத வேண்டும். ஏழாம் பாடம், விசுவாசிக்காத பெற்றோர் இறந்தால் மகன் என்ன செய்வது என்பது. கொள்ளி வைக்கலாமா கூடாதா? எங்கள் சபையில் கூடாது என்றுதான் சொல்லி வளர்த்தார்கள். 'ஜெபித்து முடிவு செய்யுங்கள்' என்று எழுதிக் கொடுத்தேன். சபாபதி போதகர் திருப்பிக் கொடுத்துவிட்டார். "ஐயா, வீட்டுல பாடி கிடக்கும்போது அவன் உங்களுக்குப் போன் அடிப்பான். ஆமாவா இல்லையான்னு கேட்பான். ஜெபம் பண்ணுன்னு சொல்லிட்டு வச்சிடுவீங்களா?" என்றார். ஒரு மகனிடம் வீடும் அக்கம்பக்கமும் என்னென்ன எதிர்பார்க்கும் என்று உனக்குத் தெரிந்ததை எழுதி அனுப்பு. இந்தப் பகுதியை மட்டும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டாதே.

அன்புடன் தம்பி,
லோகன்


முருகன் துணை

கிள்ளான்
30.1.2024

அன்புள்ள தம்பி லோகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ மேலே உன் சாமியைப் போட்டாய், நான் என் சாமியைப் போட்டிருக்கிறேன். தபால்காரருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஏதோ நிலாவில் இருக்கிறவன் மாதிரி எழுதியிருக்கிறாய். என் கிளினிக் கவுன்டரில் வந்து நிற்கும் கிழவிகள்கூட ரயிலேறி பிரிக்பீல்ட்ஸுக்குப் பூ வாங்கப் போய் வருகிறார்கள். சரி, ஒழுங்கு என்றால் ஒழுங்கு.

கடிதம் வந்தது ஒரு வகையில் நல்லதுதான். போனில் பேசினால் அப்பாவின் காது மிஷின் விசில் அடிக்கிறது, பாதி விளங்குவதில்லை, விளங்கின மாதிரி தலையை மட்டும் ஆட்டுகிறார். கடிதம் என்றால் நான் பக்கத்தில் உட்கார்ந்து கத்தி வாசிப்பேன். அடுத்த வீட்டு இராஜம்மா அக்காவுக்கும் உன் செய்தி சேர்ந்துவிடுகிறது.

வாசிக்காதே என்று நீ எழுதியதையும் சேர்த்து வாசித்துவிட்டேன். அது கடைசி வரியில் இருந்தால் நான் என்ன செய்வது? இனிமேல் முதலில் எழுது.

அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. "என் சாவுக்குப் பாடமா எழுதுறான்?" என்று கேட்டார். "எழுதட்டும் எழுதட்டும். நான் ஒண்ணும் அவசரப்படல" என்றார். அப்புறம் பிஜியைப் பற்றிக் கேட்டார். கரும்பு என்றதும், "நம்ம ஆளுங்கதான். நம்ம கப்பல் இங்க வந்துச்சு, அவங்க கப்பல் அங்க போச்சு" என்றார். நாள் முழுக்க வருகிறவர்களிடம் எல்லாம் மகன் பிஜிக்கு வாத்தியாராகப் போகிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். போதகர் என்று சொல்லவில்லை. வாத்தியார் என்றுதான் சொன்னார்.

நீ கேட்டதற்குப் பதில். மகன் குளித்து ஈர வேட்டி கட்ட வேண்டும். வாய்க்கரிசி போட வேண்டும். கொள்ளிக்குடம் தூக்கிச் சுற்றி வந்து உடைக்க வேண்டும். பிறகு கொள்ளி. இப்போது விறகு எங்கே இருக்கிறது? மின்சுடலைதான். நெஞ்சில் சூடத்தை ஏற்றி உள்ளே தள்ளிவிட்டு, மகனைக் கூப்பிட்டுப் பட்டனை அமுக்கச் சொல்வார்கள். மறுநாள் சாம்பலைக் கடலில் கரைக்க வேண்டும், பதினாறாம் நாள் கருமாதி. அவ்வளவுதான். மளிகைச் சாமான் எழுதுகிற மாதிரி எழுதிவிட்டேன்.

ஆனால் ஒன்று. அப்பாவுக்கு நீ ஒரே மகன். பாடத்தில் நீ ஆமா போடுவாயோ இல்லை போடுவாயோ, எனக்குத் தெரியாது. அவருக்கு என்ன போடுவாய் என்பதுதான் எனக்கு வேண்டும்.

என்னைக் கட்டிய உன் மாமா லோரியில் ஜொகூர் போயிருக்கிறார். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன் அக்கா,
குமுதா


கர்த்தர் நல்லவர்

பிரிக்பீல்ட்ஸ்
3.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ கேட்டதற்குப் பதில் எழுதாமலே இரண்டு மூன்று கடிதம் எழுதிவிட்டேன் என்று நீ கணக்கு வைத்திருப்பாய். பாடத்திலும் அந்த இடம் இன்னும் வெற்றாகத்தான் இருக்கிறது. மற்ற பாடங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. சபாபதி போதகர் இரண்டு தடவை கேட்டார். இப்போது கேட்பதை நிறுத்திவிட்டார்.

காலையில் இந்தி வகுப்பு. பிஜிக்காரர்கள் பேசுகிற இந்தி வேறு மாதிரியாம். வந்து சொல்லிக் கொடுப்பவர் நாங்கள் வாயைத் திறந்தாலே கண்ணை மூடிக்கொள்கிறார். மாலையில் ஒருவருக்கொருவர் பாடம் நடத்திப் பார்க்கிறோம். எல்லாம் நன்றாகத்தான் நடக்கிறது. நான் நன்றாக நடத்துகிறேன் என்றும் சொல்கிறார்கள். யாரையோ பற்றிச் சொல்வது போலக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வரும் 17ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, எங்களை அனுப்பி வைக்கும் ஆராதனை. நீயும் அப்பாவும் கண்டிப்பாக வர வேண்டும். மாமாவுக்கு அன்று லோரி ஓட்டம் இல்லையென்றால் அவரும் வரட்டும். காலை ஒன்பது மணிக்கு. கேஎல் சென்ட்ரலில் இறங்கி மெதுவாக நடந்தாலே வந்துவிடலாம், அப்பாவுக்குத் தெரியாத தெருவா? ரயில்வேயில் இருந்த காலமெல்லாம் அவர் நடந்த இடம். முடிவில் நாங்கள் முன்னால் போய் முழங்காலில் நிற்போம். அப்போது குடும்பத்தாரையும் கூப்பிடுவார்கள். விரும்பினால் முன்னால் வந்து தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கலாம். கட்டாயம் இல்லை. ஆனால் அப்பா வந்தால் எனக்கு நன்றாக இருக்கும்.

இந்தக் கடிதத்தில் மறைக்க ஒன்றும் இல்லை. முழுவதும் வாசித்துக் காட்டலாம்.

அன்புடன் தம்பி,
லோகன்


முருகன் துணை

கிள்ளான்
19.3.2024

அன்புள்ள தம்பி லோகனுக்கு,

நலமாக வீடு வந்து சேர்ந்தோம். சாப்பாடு நன்றாக இருந்தது. உங்கள் சபைப் பெண்கள் அப்பாவுக்கு நாற்காலி போட்டு, தட்டில் வைத்துக் கொடுத்து, நன்றாகத்தான் கவனித்தார்கள். அதையும் சொல்ல வேண்டும்.

நீ கண்ணை மூடிக்கொண்டு முழங்காலில் நின்றாய். ஆகவே உனக்குத் தெரியாததை எழுதுகிறேன்.

முதல் நாளே அப்பா கேட்டார்: "அங்க நம்மள என்னா செய்யச் சொல்வாங்க?" நான் உன் கடிதத்தை எடுத்து அந்த இடத்தை மறுபடியும் வாசித்தேன். தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கலாம் என்று. "ஓ, அதுவா" என்றார். காலையில் சாமி மாடத்திலிருந்து திருநீறு எடுத்து பேப்பரில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நானும் பார்த்தேன். தூரம் போகிற பிள்ளைக்கு அப்பா என்ன செய்வார்? எனக்கு அதில் ஒன்றும் தப்பாகவே தோன்றவில்லை. தோன்றியிருந்தால் சொல்லியிருப்பேன். நானும்தான் கோயில் வாசலில் வளர்ந்தவள், உங்கள் சபையில் எது ஆகும் எது ஆகாது என்று எனக்கு எப்படித் தெரியும்?

குடும்பத்தாரைக் கூப்பிட்டதும் அவர் எழுந்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். எல்லாரும் அவருக்கு வழிவிட்டார்கள், ஒரு அம்மா அழுதுகூட விட்டாள். கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, பேப்பரைப் பிரித்து, உன் நெற்றியில் பட்டையாகப் பூசி, அப்புறம்தான் தலையில் கைவைத்தார். அவருக்கு மந்திரம் ஒன்றும் தெரியாது. "நல்லாப் போய் நல்லா வாய்யா" என்றார். மைக்கில் அது விழுந்தது.

நீ கண்ணைத் திறந்தாய். அப்பா சிரித்துக்கொண்டு நின்றார். நீ பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தாய். ஒரு தடவை துடைத்துவிட்டு, கைக்குட்டையைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவையும் துடைத்தாய். சபாபதி போதகர் ஆமென் சொன்னார். பாட்டு ஆரம்பித்துவிட்டது.

திரும்பும்போது ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். சுபாங் தாண்டியதும் சொன்னார்: "அவனுக்கு வேர்த்துருச்சு போல. பாவம்."

"ஆமாப்பா" என்றேன்.

லோகன், அந்த ஹாலில் ஏர்கோன் குளிரில் எனக்குப் பல் கிட்டியது. அப்பா சால்வையைக் கழற்றவே இல்லை.

வீட்டுக்கு வந்து குளித்தார், இரண்டு இட்லி சாப்பிட்டார், மாத்திரை போட்டார். நீ எப்போது புறப்படுகிறாய் என்று கேட்டார். நான் கோபமாக எழுதுவதாக நினைக்காதே. கோபம் வரவேண்டும் என்று காத்திருக்கிறேன், வரவில்லை. இன்று கிளினிக்கில் எல்லாருக்கும் சரியாக மருந்து கொடுத்தேன்.

அன்புடன் அக்கா,
குமுதா


கர்த்தர் நல்லவர்

லபாசா, பிஜி
15.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். போன் திரும்பக் கைக்கு வந்துவிட்டது என்றாலும், அப்பாவுக்காகக் கடிதமே எழுதுகிறேன். சபாபதி போதகருக்கு இது தெரிந்தால் சந்தோஷப்படுவார்.

எனக்கு ஒரு பலகை வீடு கொடுத்திருக்கிறார்கள். மேலே தகரம். மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது, மழையோ தினமும் விழுகிறது. பின்பக்கம் கறிவேப்பிலை மரம் இருக்கிறது, அப்பாவிடம் சொல். கடையில் பருப்பு, புளி எல்லாம் கிடைக்கிறது. ஒரு கிழவர் என்னைப் பார்த்து 'தண்ணீர்', 'சோறு', 'வா' என்று மூன்று வார்த்தை சொல்லிக் காட்டினார். அவர் வீட்டில் மிச்சம் இருக்கும் தமிழ் அவ்வளவுதானாம். பாடங்கள் அடுத்த மாதம் ஆரம்பம்.

புறப்படுவதற்கு முன் கிள்ளான் வந்தபோது அப்பா நன்றாகத்தான் பேசினார். சாப்பிடு சாப்பிடு என்று மீன் துண்டை என் தட்டில் வைத்தார். வாசலில் கை கொடுத்தார். அவர் எனக்குக் கை கொடுத்தது இதுதான் முதல் தடவை. திருநீற்றுக் கிண்ணம் பக்கத்து மாடத்தில்தான் இருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நானும் திரும்பவில்லை.

அப்பாவுக்கு மாத்திரையை மறக்காமல் கொடு. மாமாவுக்கு என் வணக்கம்.

அன்புடன் தம்பி,
லோகன்


முருகன் துணை

கிள்ளான்
6.5.2024

அன்புள்ள தம்பி லோகனுக்கு,

உன் வீடு, மழை, கறிவேப்பிலை எல்லாம் கிடைத்தது. அந்தக் கைக்குட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்குமா என்று பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். சரி, விடு.

இங்கே ஒரு கூத்து நடந்தது. போன சனிக்கிழமை அப்பா உன் மாமாவிடம், "பரமு, ஒரு ரவுண்டு போய் வரலாமா?" என்று கேட்டார். காற்று வாங்கத்தான் என்று நினைத்து இவரும் காரில் ஏற்றிக்கொண்டு போனார். எங்கே போகச் சொன்னார் தெரியுமா? மின்சுடலைக்கு. அங்கே வேலை செய்யும் பிரவின் என்ற பையன் பயந்துவிட்டான். "தாத்தா, யாரு தவறிட்டாங்க?" என்றான். "இன்னும் யாரும் இல்லய்யா. பட்டன் எது, பச்சையா செவப்பா?" என்று கேட்டிருக்கிறார். பச்சை என்று காட்டினானாம். "பொம்பளப் பிள்ள அமுக்குனா வேலை செய்யுமா?" என்று அடுத்த கேள்வி. "யார் அமுக்குனாலும் எரியும்லா" என்றிருக்கிறான். உன் மாமா வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டு லோரியைக் கழுவப் போய்விட்டார். ரொம்ப நேரம் கழுவினார்.

சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டார். "குமுதா, நீயே அமுக்கிடு. அவனத் தொந்தரவு பண்ணாத. அவன் அங்க நாலு பேருக்குப் பாடம் நடத்துறவன், அவனுக்குச் சங்கடம்." நான் சரி என்றேன். அவர் முகத்தில் வருத்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. டிவி சத்தத்தைக் கூட்டச் சொன்னார்.

எனக்குத்தான் அப்பாவுக்காக உன்னிடம் கேட்கத் தோன்றுகிறது. ஜனவரியிலேயே கேட்டேன். நீ பாடத்தைப் பற்றி எழுதினாய், இந்தியைப் பற்றி எழுதினாய், மழையைப் பற்றி எழுதினாய். வருவாயா மாட்டாயா? வந்தால் மகனாக நிற்பாயா, இல்லை, கைக்குட்டையோடு பின்னால் நிற்பாயா? ஒரே வரி எழுது. நீ மாட்டேன் என்று எழுதினாலும் நான் உன் அக்காதான். தெரியாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

அப்பாவுக்குக் கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. டாக்டர் மருந்து மாற்றியிருக்கிறார்.

அன்புடன் அக்கா,
குமுதா


லபாசா, பிஜி
28.5.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. இன்று ஏழாம் பாடம் நடத்தினேன். நாளை மாற்றி எழுதிவிடுவேனோ என்ற பயத்தில் இப்போதே எழுதுகிறேன்.

பாடம் வெற்றிடத்தோடுதான் இருந்தது. வசனங்களைச் சொன்னேன், இரண்டு பக்க நியாயத்தையும் சொன்னேன். பின்வரிசையில் நாராயண் என்று ஒருவர். என் வயதுதான். கரும்பு லோரி ஓட்டுகிறார், ஞாயிற்றுக்கிழமை சபை நடத்துகிறார். அவருடைய அப்பா வீட்டில் படுத்த படுக்கை. அவர் கை தூக்கி, "மாஸ்டர், உங்க அப்பா?" என்று கேட்டார். இருக்கிறார், இந்துதான் என்றேன். "அப்போ நீங்க என்ன செய்வீங்க?" என்றார்.

அவர் மடக்கிக் கேட்கவில்லை, அக்கா. அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. இன்னும் சில வாரங்களில் அவருக்கே தேவைப்படும்.

நான் போவேன் என்றேன். குடம் தூக்குவேன், நெருப்பு வைப்பேன், அது நான் என் அப்பாவுக்குச் செய்வது, என் ஆண்டவர் அதற்காக என்னைத் தள்ளிவிட மாட்டார் என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. சிலர் முகம் சுருங்கியது. இது கோலாலம்பூரில் சபைத் தலைமைவரை போகும், கேள்வி வரும், வரட்டும்.

அந்தக் கைக்குட்டையைப் பற்றி: எனக்கு விளக்கம் இல்லை. கை தானாகப் போனது. துடைத்த பிறகுதான் அப்பாவைப் பார்த்தேன். அன்றிலிருந்து நெற்றியில் அந்த இடம் மட்டும் மரத்துக் கிடக்கிறது.

அப்பாவிடம் இதைக் கத்தி வாசி, இராஜம்மா அக்காவுக்கும் கேட்கட்டும். நான் வருவேன். எத்தனை நாள் ஆனாலும் எனக்காகக் காத்திருங்கள். பச்சைப் பட்டனை நான்தான் அமுக்குவேன். நீ அமுக்க வேண்டாம். ஒருவேளை அப்பாவுக்கு இனி நான் வேண்டாம் என்று தோன்றினால், அதையும் மறைக்காமல் சொல்லிவிடு.

கறிவேப்பிலை பூத்திருக்கிறது.

அன்புடன் தம்பி,
லோகன்


முருகன் துணை

கிள்ளான்
24.6.2024

அன்புள்ள தம்பி லோகனுக்கு,

நீ 28ஆம் தேதி எழுதிய கடிதம் முந்தாநாள் வந்தது. கருமாதிக்குச் சமைத்துக்கொண்டிருந்தோம். இராஜம்மா அக்காதான் வாசலில் வாங்கி, கை ஈரத்தோடு கொண்டுவந்து கொடுத்தார்கள்.

போனில் சொல்லியிருக்கலாம். கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். இதைக் கடிதத்தில்தான் சொல்ல முடியும்.

அப்பா போன அன்று காலை, கோப்பி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் உனக்குப் போன் அடித்தேன். விஷயத்தைச் சொன்னேன். அப்புறம், "அக்கா, லெட்டர் வந்துச்சா?" என்று கேட்டாய்.

"வந்துச்சு" என்றேன்.

எனக்கு வந்திருந்தது மழையும் கறிவேப்பிலையும் இருந்த கடிதம். இன்னொன்று எழுதியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. "ஃபிளைட் பார்க்கவா?" என்றாய். லபாசாவிலிருந்து வந்து சேர மூன்று நாளாவது ஆகும் என்று உன் மாமா பக்கத்தில் சொன்னார். ஐஸில் வைத்துக் காத்திருக்கலாம் என்றும் அவர்தான் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். "வேணாம் லோகன். எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றேன். நீ வந்து எல்லாருக்கும் நடுவில் பின்னால் தள்ளி நிற்பதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. அப்பாவுக்கும் அது வேண்டாம் என்று நினைத்தேன்.

நீ, "அப்ப சரி" என்றாய். வைத்துவிட்டாய்.

நான் உன் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் வேண்டாம் என்கிறேன், அப்பாவும் அதைக் கேட்டுவிட்டுத்தான் போனார் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்திருக்கிறாய். இது எனக்கு முந்தாநாள்தான் தெரிந்தது. இத்தனை நாள் நீ அப்படி நினைத்துக்கொண்டு அங்கே பாடம் நடத்தியிருக்கிறாய். அப்பா உன்னை வேண்டாம் என்று சொல்லவே இல்லை, லோகன். அவர் உன் கடிதத்தைக் கேட்கவே இல்லை.

சடங்கு செய்ய வந்த பண்டாரம், "பொம்பளப் பிள்ளையா கொள்ளி?" என்று இழுத்தார். "அவர் சொல்லிட்டுத்தான் போனாரு" என்றேன். குடம் தூக்கினேன். கனமாகத்தான் இருந்தது. உங்கள் சபாபதி போதகர் எப்படியோ தெரிந்துகொண்டு வந்திருந்தார். கடைசிவரை வெயிலில் நின்றார். பிரவின் பச்சைப் பட்டனைக் காட்டினான். அது சுலபமாக அமுங்கியது. எனக்கு வேர்த்துக் கொட்டியது, முகத்தைத் துடைக்கக் கையில் ஒன்றும் இல்லை. மறுநாள் மோரிப் கடலில் கரைத்துவிட்டோம். கொஞ்சம்கூட மிச்சம் வைக்கவில்லை. தெரிந்திருந்தால் வைத்திருப்பேன்.

உன் கடிதத்தை அப்பா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து கத்தி வாசித்தேன். அவருக்கு வாசிக்கும் அதே சத்தத்தில். உன் மாமா எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வாழை இலை போதுமா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் சட்டைகளை எடுத்து மடித்தேன். உன் ஆராதனைக்குப் போட்டுக்கொண்டு வந்த சட்டையை அன்றே சோப்பில் போட எடுத்தேன், வேண்டாம் என்று வாங்கி மாட்டி வைத்துவிட்டார். அதன் பையில் அந்தப் பேப்பர் மடிப்பு இருந்தது. உனக்குப் பூசியது போக மீதி. கொஞ்சம்தான். இதோடு வைத்திருக்கிறேன். கஸ்டம்ஸில் பிரித்துக் கேட்டால் உள்ளதைச் சொல். பூசிக்கொள்ளச் சொல்லி நான் அனுப்பவில்லை. உன் பெட்டியில் இருக்கட்டும்.

அந்த நாராயணுடைய அப்பா எப்படி இருக்கிறார்? அவர் மறுபடியும் உன்னைக் கேட்பார். உங்கள் அப்பா போனபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்பார். போக வேண்டும் என்றுதான் இருந்தேன், என் அக்கா விடவில்லை என்று சொல். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அன்புடன் அக்கா,
குமுதா